தடைக்குள் பிறந்த காங்கிரஸ் கிளை

ஒரு கட்சியின் கிளை என்றால் நம் மனத்தில் தோன்றும் படம் ஒன்றுதான். முச்சந்தியில் ஒரு கொடிக் கம்பம். மாடியில் ஒரு வாடகை அறை. வாசலில் பெயர்ப்பலகை. உள்ளே ஒரு மேஜை, சந்தா ரசீதுப் புத்தகம், சுவரில் தலைவர்களின் படங்கள். தேர்தல் வந்தால் கூட்டம். தேர்தல் போனால் பூட்டு.

1938-ம் ஆண்டு ஐதராபாத்தில் தோன்றிய காங்கிரஸ் கிளைக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. அது முறைப்படி அமைக்கப்படுவதற்கு முன்பே, அந்த ஆண்டு செப்டம்பர் மாதம், நிஜாம் சர்க்கார் அதற்குத் தடை விதித்துவிட்டது. அந்தத் தடை நீங்க 1946-ம் ஆண்டு ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்! பக்கத்திலே சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபையே நடந்துகொண்டிருந்த காலத்தில், இங்கே அந்தப் பெயரைச் சொல்லி நாலு பேர் கூடினால் சிறை.

பெயரும் இல்லாமல், கொடியும் இல்லாமல், மேலிடத்து ஆதரவும் முழுமையாகக் கிடைக்காமல் ஒரு கட்சிக் கிளை எப்படி உயிர் பிழைத்தது? உயிர் பிழைத்து, ஆட்சியையும் பிடித்த பிறகு, அது ஏன் நாலரை ஆண்டுகளில் மூன்று துண்டாகப் போயிற்று? பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து, இன்னொரு மொழியின் நடுவே குடித்தனம் நடத்தும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. ஏனென்றால் கதையின் நடுவில் நம்மவர்களின் இட்டிலி சாம்பாரும் வருகிறது.

ஒரு ராஜ்யம், மூன்று மொழி

அன்றைய ஐதராபாத் சமஸ்தானம் இன்றைய நகரம் அல்ல. 82,000 சதுர மைல் பரப்பு. 1941-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு கோடியே 60 லட்சத்துக்கு மேல் மக்கள். மொத்தம் 16 ஜில்லாக்கள். அவற்றில் எட்டு தெலுங்கு, ஐந்து மராத்தி, மூன்று கன்னடம். மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தெலுங்கு பேசினர், கால்வாசிப்பேர் மராத்தி. ஆனால் கச்சேரியில், கோர்ட்டில், போலீஸில், 1918-ல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் எல்லாம் உருதுதான். 1911 முதல் 1948 வரை கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் ஆண்டார்.

உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே செகந்திராபாத்தின் கதை வேறு. அது பிரிட்டிஷ் பட்டாளத்தின் ஊர். சென்னைப் பட்டாளத்தோடும், பட்டாளத்துக்குச் சரக்கு கொடுத்த கன்ட்ராக்டர்களோடும் வந்த தமிழர்கள் செகந்திராபாத், திருமலகிரி, பொல்லாரம் பகுதிகளில் குடியேறினர். அங்கே நடந்தது வெள்ளையர் நிர்வாகம். நகரத்திலேயே ரெசிடென்சியைச் சுற்றியிருந்த சுல்தான் பஜார் பகுதியும் 1933 வரை அவர்கள் கையில் இருந்தது. செகந்திராபாத்தின் சிவில் பகுதிகள் நிஜாம் கைக்குத் திரும்பியது 1946-ல்தான். ஆக, ஏரிக்கு இந்தக் கரையில் ஒரு சட்டம், அந்தக் கரையில் ஒரு சட்டம்.

வெளியூரில் நடந்த உள்ளூர் மாநாடு

நிஜாம் சர்க்கார் அரசியலைக் கண்டு அஞ்சியது 1938-ல் தொடங்கியது அல்ல. அதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ரயில் பாதை காரணமாக ஒரு பேராசிரியர் நாடு கடத்தப்பட்டிருக்கிறார். 1883-ல் சாந்தா ரயில்வேத் திட்டத்துக்காகச் சர்க்கார் செய்துகொண்ட ஏற்பாட்டின் விவரங்களை வெளியிட வேண்டும் என்று நகரப் பிரமுகர்கள் சிலர் கேட்டனர். மக்கள் பணம் எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. கேட்டவர்களில் ஒருவரான அகோரநாத் சட்டோபாத்யாயர் சமஸ்தானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். பின்னாளில் கவிக்குயில் எனப் புகழ்பெற்ற சரோஜினி நாயுடுவின் தந்தை இவர்தான்.

பின்னர் அரசியல் கூட்டங்களுக்குக் கட்டுப்பாடுகள் இறுகின. ‘கஸ்தி எண் 53’ என்ற சுற்றறிக்கை மிகவும் பேர்போனது. முன் அனுமதி இல்லாமல் பொதுக்கூட்டம் கூட்டக்கூடாது என்றது அது. அனுமதி கேட்டால் கிடைப்பதும் அரிது.

இதனால் விநோதமான ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஐதராபாத் மக்களின் அரசியல் மாநாடு ஐதராபாத்துக்கு வெளியே நடந்தது! முதல் மாநாடு 1923-ல் காக்கிநாடாவில், அகில இந்திய காங்கிரஸ் அங்கே கூடிய சமயத்திலேயே நடந்தது. அடுத்தது 1926-ல் பம்பாயில். அதற்கடுத்தது 1928-ல் புனாவில். நான்காவது 1931-ல் அகோலாவில். தன் வீட்டுக் குறையைப் பேச அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டிய நிலை. ரயில் சத்தம் கொடுத்துப் போகக்கூடிய வக்கீல்களும் வசதியுள்ளவர்களும் போனார்கள். குடியானவனும் கூலிக்காரனும் எப்படிப் போவான்?

சங்கங்களே அஸ்திவாரம்

அரசியல் பேச முடியாத இடத்தில் மக்கள் மொழியைப் பேசினார்கள். இதை வெளிமாநிலத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் நம்மவர்கள் முதலில் ஏற்படுத்துவது ஒரு சங்கமும் ஒரு வாசகசாலையும்தானே!

1901-ம் ஆண்டிலேயே ஐதராபாத்தில் ஸ்ரீ கிருஷ்ண தேவராய ஆந்திர பாஷா நிலையம் என்ற தெலுங்கு நூலகம் தோன்றியது. 1921 நவம்பரில் விவேகவர்த்தினி அரங்கில் ஒரு சமூக சீர்திருத்த மாநாடு. தலைமை வகித்தவர் புனாவின் மகரிஷி கார்வே. பேச்செல்லாம் ஆங்கிலத்திலும் உருதுவிலும் மராத்தியிலும் நடந்தது. ஆலம்பள்ளி வெங்கடராம ராவ் என்ற வக்கீல் எழுந்து தெலுங்கில் பேசத் தொடங்கியதும் சபையில் சிலர் கூச்சலிட்டுக் கேலி செய்தனர். பாதிக்குப் பாதி மக்கள் பேசும் மொழிக்குத் தலைநகரில் கிடைத்த மரியாதை அது. அந்த அவமானத்தின் விளைவாக ஆந்திர ஜன சங்கம் பிறந்தது. அதைக் கட்டிக் காத்தவர்களில் முதன்மையானவர் மாடபாட்டி ஹனுமந்த ராவ். நூலகம் திறப்பது, பள்ளிக்கூடம் நடத்துவது, வெட்டி வேலைக் கொடுமையை எதிர்ப்பது ஆகியவை சங்கத்தின் பணிகள். 1930-ல் ஜோகிபேட்டையில் சுரவரம் பிரதாப ரெட்டி தலைமையில் முதலாவது ஆந்திர மகாசபை கூடியது.

இதைப் பார்த்து மராத்தி ஜில்லாக்களில் மகாராஷ்டிர பரிஷத்தும், கன்னட ஜில்லாக்களில் கர்நாடக பரிஷத்தும் ஏற்பட்டன. மூன்றும் தங்களை அரசியல் சங்கம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் கிராமம் கிராமமாக ஆள் சேர்ந்தது இவற்றில்தான். பின்னால் காங்கிரஸ் என்ற பெயர் வந்தபோது, அந்தப் பெயருக்குள் நுழையத் தயாராக இருந்தவர்கள் இந்த மூன்று சபைக்காரர்களே. கிளைக்கு முன்பே வேர் இருந்தது.

பெயரே குற்றம்

1937-ல் மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் அமைந்தன. சமஸ்தானத்து மக்களும் பொறுப்பாட்சி கேட்டனர். நிஜாம் சர்க்கார் அந்த ஆண்டு ஒரு சீர்திருத்தக் கமிட்டியை நியமித்தது. அதன் தலைவர் ஒரு தமிழர்: ஐதராபாத்தில் பிரபல வக்கீலாக விளங்கிய திவான் பகதூர் எஸ். அரவமுது அய்யங்கார். கமிட்டியின் அறிக்கையையொட்டி 1939 ஜூலையில் சர்க்கார் அறிவித்த சீர்திருத்தத்தில் ஊர்வாரித் தொகுதிகள் இல்லை. தொழில்வாரியாகப் பிரித்த தொகுதிகள்தான். மக்களுக்குப் பதில் சொல்லும் மந்திரிசபை என்ற பேச்சே இல்லை.

அந்த அறிவிப்புக்குக் காத்திராமல் 1938-ல் மூன்று மொழிச் சபைக்காரர்களும் சேர்ந்து ஐதராபாத் ஸ்டேட் காங்கிரஸை அமைக்க முற்பட்டனர். அப்போது இரண்டு பக்கமிருந்தும் சங்கடம் வந்தது.

முதல் சங்கடம் மேலிடத்திலிருந்து. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹரிபுரா காங்கிரஸில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. சமஸ்தான மக்களின் போராட்டத்தில் காங்கிரசுக்கு அனுதாபம் உண்டு. ஆனால் உள்நாட்டுப் போராட்டங்களைக் காங்கிரஸ் பெயரால் நடத்தக்கூடாது. மக்கள் தனியே அமைப்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பிரிட்டிஷாரோடு ஒரு சண்டை, 500-க்கு மேற்பட்ட ராஜாக்களோடு ஒரு சண்டை என இரண்டையும் ஒரே சமயத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ள மேலிடம் விரும்பவில்லை. அப்போதும் ஐதராபாத்காரர்கள் ‘காங்கிரஸ்’ என்ற சொல்லையே விரும்பினர். அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பு அப்படி. அதே ஆண்டில் திருவாங்கூரிலும் பட்டம் தாணு பிள்ளை தலைமையில் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தது.

இரண்டாவது சங்கடம் சர்க்காரிடமிருந்து. பிரதம மந்திரி சர் அக்பர் ஹைதரி படித்தவர், நிர்வாகத்தில் கெட்டிக்காரர். பெயரே அவர் சர்க்காருக்குப் பிடிக்கவில்லை. காங்கிரஸ் என்றால் அது சமஸ்தானத்துக்கு வெளியே தலைமையைக் கொண்ட கட்சி. வகுப்புவாத நோக்கமும் கொண்டது என்று சொல்லித் தடை விதித்தனர். தாய்க் கட்சி ‘என் பெயரால் போராடாதே’ என்கிறது. சர்க்கார் ‘அது உன் தாய்க் கட்சி, ஆகவே தடை’ என்கிறது. நடுவில் நின்ற கிளையின் நிலைமையை என்னவென்று சொல்வது!

1938 அக்டோபர் 24-ந் தேதி கோவிந்தராவ் நானல் தலைமையில் முதல் கோஷ்டி சத்தியாக்கிரகம் செய்து கைதாயிற்று. பின்னர் கோஷ்டி கோஷ்டியாகச் சிறை சென்றனர். அதே சமயத்தில் ஆரிய சமாஜமும் இந்து மகாசபையும் தங்கள் கோரிக்கைகளுக்காகத் தனியே சத்தியாக்கிரகம் தொடங்கின. எது பொறுப்பாட்சிப் போராட்டம், எது மதப் போராட்டம் என்று வெளியே நிற்பவருக்குப் புரியாத நிலை. சர்க்காருக்கு இது வசதியாயிற்று. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று கருதிய காந்திஜி, சத்தியாக்கிரகத்தை நிறுத்தும்படி யோசனை சொன்னார். சரியாக இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 24-ந் தேதி போராட்டம் நிறுத்தப்பட்டது.

அதே நாட்களில் உஸ்மானியா மாணவர்கள் விடுதியில் வந்தே மாதரம் பாடிய குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டனர். பலர் நாகபுரிக்குச் சென்று படிப்பைத் தொடர்ந்தனர். அவர்களில் ஒருவர்தான் 1991-ல் நாட்டின் பிரதமரான பி.வி. நரசிம்ம ராவ்.

காவி கட்டிய வாத்தியார்

போராட்டம் நின்றது, கட்சி நிற்கவில்லை. அதற்கு முக்கிய காரணம் சுவாமி ராமானந்த தீர்த்தர். 1903-ல் பிஜாப்பூர் ஜில்லா சிந்தகியில் பிறந்தவர். பூர்வாசிரமப் பெயர் வெங்கடேஷ் கேட்கீகர். தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷியிடம் வேலை பார்த்தவர். பிறகு மராத்வாடாவில் ஹிப்பர்கி, மோமினாபாத் ஊர்களில் பள்ளி ஆசிரியர். 1932-ல் சந்நியாசம் பெற்றார். 1938-ல் பள்ளிக்கூடத்தை விட்டுச் சத்தியாக்கிரகத்தில் இறங்கியவர், 1948 வரை அந்தப் பத்து ஆண்டுகளில் பலமுறை சிறை சென்றார்.

பிறந்தது கன்னட நாடு. படிப்பித்தது மராத்தி நாடு. தலைமை தாங்கியது தெலுங்குத் தலைநகரில். மூன்று கால் மேஜைக்கு இவர் நடுப்பலகை போலிருந்தார். சர்க்காரோடு சமாதானம் பேசிப் பெயரை மாற்றிக்கொள்ளவும் ஒரு கட்டத்தில் கட்சியினர் முன்வந்தார்கள். ‘ஐதராபாத் நேஷனல் கான்பரன்ஸ்’ என்ற பெயரும் யோசிக்கப்பட்டது. அப்படியும் வழி பிறக்கவில்லை. பெயர் மட்டும்தான் தடை என்று நினைத்தவர்களுக்கு அப்போது உண்மை விளங்கியது. சர்க்காருக்குப் பிடிக்காதது பெயரல்ல, ஜனங்கள் ஒன்றுசேர்வதே. 1940-ல் தனிநபர் சத்தியாக்கிரகம், 1942-ல் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று சுவாமிஜி மீண்டும் மீண்டும் சிறை சென்றார்.

இதற்கிடையில் ஒரு பெரிய இழப்பும் நேர்ந்தது. காங்கிரஸ் தலைவர்கள் சிறையிலும் சமரசப் பேச்சிலும் இருந்த வேளையில், ஆந்திர மகாசபைக்குள் கம்யூனிஸ்டுகள் கிராமங்களில் வேலை செய்தனர். வெட்டி வேலை, நிலச்சுவான்தார் கொடுமை என்று குடியானவனின் அன்றாடப் பிரச்னைகளை எடுத்தனர். 1944-ல் போங்கீர் மாநாட்டில் ரவி நாராயண ரெட்டி தலைமையில் சபை அவர்கள் வசமாயிற்று, மிதவாதிகள் வெளியேறினர். தெலுங்கு நாட்டில் கிளையின் வேர் பாதி அறுந்தது அப்போதுதான். 1946-ல் தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் வெடித்தபோது முன்னின்றது காங்கிரஸ் அல்ல, இவர்களே.

தடை நீங்கியது, சண்டை தொடங்கியது

1946 ஜூலையில் தடை நீங்கியது. சிறையில் ஒற்றுமையாக இருந்தவர்கள் வெளியே வந்ததும் இரண்டு கட்சியானார்கள். தலைவர் தேர்தலில் சுவாமிஜியும் தெலங்கானாவின் பூர்குல ராமகிருஷ்ண ராவும் மோதினர். மிகச் சொற்ப வித்தியாசத்தில் சுவாமிஜி ஜெயித்தார். 1947 ஜூன் மாதம் முஷீராபாத்தில் கட்சியின் முதல் பகிரங்க மாநாடு நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், பிரிட்டிஷார் போனதும் தாம் சுதந்திர மன்னர் என்று நிஜாம் அறிவித்திருந்தார்.

ஆகஸ்டு 7-ந் தேதி ‘இந்தியாவோடு சேர்’ நாள் கொண்டாடினர். ஆகஸ்டு 15-ந் தேதி நாடு முழுவதும் மூவர்ணக் கொடி பறந்தபோது, இங்கே கொடியேற்றியவர்கள் கைதானார்கள். சுவாமிஜி அன்று அதிகாலையிலேயே கைது. காசிம் ராஸ்வியின் ரஜாக்கர்கள் கிராமங்களில் அட்டகாசம் செய்தனர். நவம்பர் 29-ல் இந்திய சர்க்காரும் நிஜாமும் ஓராண்டுக்கு ‘உள்ளது உள்ளபடி’ ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

கட்சி மறுபடியும் வெளியூர் போயிற்று. 1923-ல் மாநாடு போட வெளியே போனவர்கள், இப்போது முகாம் போட வெளியே போனார்கள். திகம்பரராவ் பிந்து தலைமையில் நடவடிக்கைக் கமிட்டி அமைந்தது. எல்லையைச் சுற்றி பெஜவாடா, சோலாப்பூர், மன்மாட், கதக், சாந்தா ஆகிய இடங்களில் முகாம்கள். ரயில்வே டைம் டேபிளில் இந்தப் பெயர்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புலப்படும். சமஸ்தானத்தைச் சுற்றிச் செல்லும் ரயில் பாதைகளில் உள்ள பெரிய ஸ்டேஷன்கள் இவை. உள்ளே போகவும் வெளியே வரவும், செய்தியும் பணமும் ஆளும் மாறவும் ஸ்டேஷனை விட்டால் வேறு வழியில்லை. அதே பாதையில் அச்சமும் ஓடியது. 1948 மே மாதம் சென்னை–பம்பாய் மெயில், சமஸ்தான எல்லைக்குள் கங்காபூர் ஸ்டேஷனில் தாக்கப்பட்டது நாட்டையே உலுக்கியது.

ஆகஸ்டில் ‘இம்ரோஸ்’ என்ற உருதுப் பத்திரிகையின் இளம் ஆசிரியர் ஷோயபுல்லா கான், இந்தியாவோடு சேருவதே நல்லது என்று எழுதியதற்காக நகரத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். இதை இந்து–முஸ்லிம் சண்டை என்று சொல்பவர்கள் இந்தப் பெயரை மறக்கக்கூடாது.

1948 செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் நுழைந்தது. 17-ந் தேதி நிஜாம் பணிந்தார். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ராஜாஜி. சுவாமிஜி விடுதலையானார். அதற்குப் பிறகு மராத்வாடா முதலிய பகுதிகளில் முஸ்லிம்கள் மீது நடந்த பழிவாங்கலையும் சொல்லத்தான் வேண்டும். பிரதமர் நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று கணித்தது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலே கிடந்தது.

நாற்காலியும் இட்டிலி சாம்பாரும்

விடுதலை வந்தது, கிளைக்கு ஆட்சி வரவில்லை. முதலில் மேஜர் ஜெனரல் ஜே.என். சௌதுரியின் ராணுவ ஆட்சி. பிறகு ஐ.சி.எஸ். அதிகாரி எம்.கே. வெல்லோடி முதலமைச்சர். இந்தக் காலத்தில் நிர்வாகத்தை நடத்த வெளி மாகாணங்களிலிருந்து, முக்கியமாகச் சென்னை மாகாணத்திலிருந்து, ஏராளமான அதிகாரிகளும் குமாஸ்தாக்களும் வந்து இறங்கினர். உருது கோர்ட்டும் கச்சேரியும் ஆங்கிலத்துக்கு மாறின. உருதுவில் படித்த உள்ளூர்ப் பையன் வேலைக்கு அலைந்தான். ஆங்கிலம் தெரிந்த வெளியூர்க்காரன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

1952 தேர்தலில் சட்டசபையின் 175 இடங்களில் காங்கிரசுக்கு 93 கிடைத்தன. கம்யூனிஸ்டுகளை உள்ளடக்கிய மக்கள் ஜனநாயக முன்னணி 42 இடங்களைப் பிடித்தது. நல்கொண்டா லோக்சபைத் தொகுதியில் ரவி நாராயண ரெட்டி, நேருஜியை விடவும் அதிக ஓட்டு வாங்கினார். 1944-ல் அறுந்த வேரின் பலனை ஓட்டுப் பெட்டி காட்டிவிட்டது. மார்ச் மாதம் பூர்குல ராமகிருஷ்ண ராவ் முதலமைச்சரானார்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. முல்கி கிளர்ச்சி வெடித்தது. முல்கி என்றால் உள்நாட்டான். 15 ஆண்டுகள் குடியிருந்தவனுக்கே சர்க்கார் வேலை என்பது 1919-ல் நிஜாம் வகுத்த விதி. பொய் முல்கி சர்ட்டிபிகேட் வாங்கி வெளியார் வேலையில் புகுந்துவிட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். வாரங்கலில் தொடங்கிய ஊர்வலங்கள் தலைநகருக்கு வந்தன. ‘முல்கி அல்லாதவனே திரும்பிப் போ’, ‘இட்டிலி சாம்பாரே திரும்பிப் போ’ என்று கோஷமிட்டனர். கோபம் பெரும்பாலும் கடற்கரை ஆந்திரர் மீதுதான். ஆனால் பட்டாளக் காலத்திலிருந்தே இங்கிருந்த தமிழனும், நேற்று வந்து இறங்கிய அதிகாரியும் அந்தக் கோஷத்தில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் சிட்டி காலேஜ் அருகே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

உள்ளூர் மக்களின் பேச்சுரிமைக்காகச் சிறை சென்றவர்களின் மந்திரிசபை அது. அதன் போலீஸே உள்ளூர் மாணவர்களைச் சுட்டது. எதிர்க்கட்சியாய் இருந்தபோது அகில இந்தியப் பெயர் கிளைக்குக் கவசமாக இருந்தது. ஆளும் கட்சியான பிறகு, டெல்லி சொல்வதைக் கேட்பதா, உள்ளூர் சொல்வதைக் கேட்பதா என்ற கேள்வி எழுந்துவிட்டது.

வேர் வழியே பிரிந்தது

காங்கிரஸ் தன் மாகாணக் கமிட்டிகளை மொழிவாரியாக அமைக்க 1920-ல் நாகபுரியில் முடிவு செய்த கட்சி. ஐதராபாத் கிளையோ மூன்று மொழிச் சபைகளின் மேல் கட்டப்பட்டது. ஆகவே மொழிவாரி மாநிலப் பேச்சு வந்ததும் மராத்திக்காரர் பம்பாய்ப் பக்கம் பார்த்தார். கன்னடக்காரர் மைசூர்ப் பக்கம் பார்த்தார். சுவாமிஜியே சமஸ்தானம் மொழிவாரியாகப் பிரிய வேண்டும் என்றார். தெலுங்கரிடையே மட்டும் ஒருமித்த கருத்து இல்லை. கே.வி. ரங்கா ரெட்டி, மரி சென்னா ரெட்டி போன்றவர்கள் தெலங்கானா தனியாக இருக்க வேண்டும் என்றனர். பசல் அலி கமிஷனும் 1955-ல், உடனே இணைக்காமல் 1961-ம் ஆண்டுவாக்கில் நடக்கும் தேர்தலுக்குப் பின் மூன்றில் இரு பங்கு ஆதரவு இருந்தால் இணைக்கலாம் என்றே சிபாரிசு செய்தது. டெல்லி வேறு விதமாக முடிவெடுத்தது. 1956 பிப்ரவரி 20-ல் இரு தரப்புக் காங்கிரஸ் தலைவர்களும் ‘பெருந்தகையாளர் ஒப்பந்தத்தில்’ கையெழுத்திட்டனர். வேலைக்கு 12 ஆண்டுக் குடியிருப்பு உள்ளிட்ட பாதுகாப்புகள் அதில் எழுதப்பட்டன.

1956 நவம்பர் 1-ந் தேதி ஐதராபாத் ராஜ்யம் மறைந்தது. அதோடு ஐதராபாத் காங்கிரசும் மறைந்தது. அதே நாளில்தான் தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அதற்காகப் போராடிய நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும், பெயரில் காங்கிரசை வைத்துக்கொண்டே அங்கிருந்த காங்கிரசை எதிர்த்த கட்சிதான். பெயர் டெல்லியுடையது, வேர் உள்ளூருடையது என்பதற்கு நாஞ்சில் நாடும் ஒரு சாட்சி.

காகிதத்தில் எழுதிய பாதுகாப்பு நடப்பில் இல்லை என்ற புகாரால் 1969-ல் தெலங்கானாக் கிளர்ச்சி மூண்டது. 1971 லோக்சபைத் தேர்தலில் சென்னா ரெட்டியின் தெலங்கானா பிரஜா சமிதி, அங்குள்ள 14 இடங்களில் பத்தைக் காங்கிரசிடமிருந்து பறித்தது. அதே ஆண்டில் சமிதி காங்கிரசில் கலந்தது, பி.வி. நரசிம்ம ராவ் முதலமைச்சரானார். ஆனால் கேள்வி கலையவில்லை. 2014 ஜூன் 2-ல் தெலங்கானா தனி மாநிலமானது. அதைத் தந்த மத்திய ஆட்சி காங்கிரசுடையது. பலனை உள்ளூர்க் கட்சியான தெலங்கானா ராஷ்டிர சமிதி அடைந்தது. காங்கிரஸ் அங்கே ஆட்சிக்கு வர 2023 டிசம்பர் வரை ஆயிற்று.

இந்த வரலாற்றில் ஒரு கணக்கு தெளிவாகத் தெரிகிறது. அகில இந்தியக் கட்சியின் பெயர் ஒரு குடை. மழையில் அது உதவும். ஆனால் நிற்பதற்குத் தரை வேண்டும். அந்தத் தரையை நூலகம் திறந்தவர்களும், வெட்டி வேலையை எதிர்த்தவர்களும், கேலிக்கு நடுவிலே தாய்மொழியில் பேச எழுந்தவர்களும் அமைத்தார்கள். தரையைக் கவனித்த வரை கட்சி நின்றது. கவனிக்காதபோது வேறொருவர் வந்து அதில் நின்றுகொண்டார். வெளியூரில் பிழைப்பவனுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ‘திரும்பிப் போ’ என்ற கோஷம் வயிற்றுப் பசியிலிருந்து வருவது. உள்ளூர்ப் பையனுக்கு வேலை இருக்கும் ஊரில் இட்டிலி சாம்பாருக்கு எதிரியே கிடையாது. ஐதராபாத்தில் இன்று அது தெருவுக்குத் தெரு விற்கிறது.

சுவாமி ராமானந்த தீர்த்தர் 1972 ஜனவரியில் ஐதராபாத்தில் காலமானார். பேகம்பேட்டையில் அவருக்கு நினைவகம் இருக்கிறது. மராத்வாடாவில் நாந்தேடு பல்கலைக்கழகம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. நிஜாம் பணிந்த செப்டம்பர் 17-ந் தேதியை மராத்வாடா முக்தி சங்கிராம் தினம் என்று மகாராஷ்டிரம் கொண்டாடுகிறது. கல்யாண கர்நாடக உற்சவம் என்று கர்நாடகம் கொண்டாடுகிறது. தெலங்கானாவில் அந்த நாளுக்கு ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஒரே கிளை நடத்திய ஒரே போராட்டம். நினைவுகூர்வது மட்டும் மூன்று மாநிலத்தில், மூன்று மொழியில்.